ஏழடுக்கு

"உங்க ஊர்ப் பண்டம்தானே, நீயே செஞ்சு கொண்டு வா"
என்றாள் டார்லா லிண்ட்குவிஸ்ட்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, குழாயை மூடாமலே.
தண்ணீர் அவள் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.
என் ஊரில் இதை யாரும் தின்றதில்லை.
என் ஊர் எதுவென்று அவள் கேட்டதுமில்லை.
பதினொரு வருஷமாய் நான் அவளுக்கு மெக்சிகோக்காரி.
சரி என்றேன்.

செய்முறை பயறு டப்பாவின் முதுகில் இருந்தது.
கண்ணாடித் தட்டுதான் வேண்டுமாம்,
அடுக்குகள் பக்கவாட்டில் தெரிய வேண்டுமாம்.
அடியில் மசித்த பயறு.
ஈரமண் நிறம், ஈரமண்ணின் பிடிவாதம்.
கரண்டியின் முதுகால் மூலைவரை தள்ளினேன்.
அதன்மேல் வெண்ணெய்ப்பழம், கறுக்காமலிருக்க எலுமிச்சை.
அதன்மேல் சல்சா, நீர் வடித்தது.
அதன்மேல் மஞ்சள் சீஸ்.
அதன்மேல் புளிப்புக் கிரீம்.
ஒன்றன்மேல் ஒன்று உட்காரலாம்,
ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.
இரண்டு முறை எச்சரித்தது டப்பா.

ஐந்து அடுக்கு முடிந்து வெள்ளையாய்க் கிடந்தது தட்டு.
உப்பு ஜாடியில் சொருகி வைத்திருந்தேன்
அந்தச் சின்னக் கொடியை.
மூன்று வாரம் முன்பு, லிங்கன் நகரத்து நீதிமன்றத்தில்
எந்த அந்நிய மன்னனுக்கும் இனி விசுவாசமில்லை என்று
கை தூக்கிச் சொன்ன பிறகு தந்தார்கள்.
எனக்கு எந்த மன்னனையும் தெரியாது.
ஆனாலும் சொல்லும்போது தொண்டை கரகரத்தது.

கொடியைப் பார்த்துத் தக்காளி அரிந்தேன்.
ஆலையில் எட்டு மணிநேரம்
மாட்டுத் தோளை எலும்பிலிருந்து பிரிக்கிற கை இது,
தக்காளி என்ன செய்யும்.
பதின்மூன்று கோட்டுக்குத் தட்டில் இடமில்லை.
ஏழு போட்டேன்.

நீலத்துக்குத்தான் திண்டாட்டம்.
சமையலறையில் நீலமாய் இருந்தது
அடுப்பின் தீயும் பாத்திரம் துலக்கும் சோப்பும்தான்.
எல்மெர் அவுரிநெல்லி என்றான், பயறோடா என்றேன்.
கடைசியில் கறுப்பு ஆலிவ்.
இன்று ஒருநாள் கறுப்பை
நீலம் என்று ஒப்புக்கொள்வார்கள்.
மூலையில் சதுரமாய் நெருக்கி அடுக்கினேன்.

நட்சத்திரத்துக்கு வெள்ளைச் சீஸ்.
கத்தி முனையால் ஒன்று வெட்டி
நடுவில் வைத்தேன்.
பிறகு நாலு மூலைக்கு நாலு.
கை அங்கே நின்றுவிட்டது.
தள்ளி நின்று பார்த்தேன்.
தேகுசிகால்பா பள்ளிக்கூடத்தில்
காலை வெயிலில் அண்ணாந்து பார்த்த அதே வரிசை,
அங்கே வெள்ளையில் நீலம்,
இங்கே தலைகீழாய்.
மிச்சச் சீஸைக் காகிதத்தில் சுற்றி
குளிர்பெட்டியில் வைத்துக் கதவை மூடினேன்.

டார்லா வீட்டு முற்றத்தில் தொண்ணூற்றெட்டு டிகிரி.
வெஸ் அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே
தட்டைக் குனிந்து பார்த்தான்.
"நட்சத்திரம் ஐம்பதுல்ல இருக்கணும்?"
சீஸ் தீர்ந்துபோச்சு என்றேன்.
அது போதுமானதாய் இருந்தது அவனுக்கு.
முதல் சோளச் சிப்ஸ் கோடுகளில் இறங்கி
மண் நிறத்தோடு மேலே வந்தது.
அடுத்தது, அடுத்தது.
எட்டு மணிக்குக் கொடி இல்லை,
பக்கக் கண்ணாடியில் மட்டும்
அரைகுறையாய் ஐந்தாறு நிறம்.
யாரும் தொடாமல் மூலை ஆலிவ் கொஞ்சம்.
அதன் நடுவில் ஒன்று.

முதல் வாணம் மேலேறியபோது
எல்லாரும் அண்ணாந்தார்கள்.
நான் குனிந்து
அந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.
வெயிலில் வியர்த்து உப்புக் கரித்தது.

"இத எனக்குக் கத்துக்குடுக்கணும் நீ,
உங்க அம்மா செய்யற மாதிரியே" என்றாள் டார்லா,
தட்டைக் கழுவித் திருப்பித் தந்தபடி.
மறுநாள் காலை
டப்பாவை அலசி, விளிம்பு கீறாமல் தட்டி மழுக்கி,
வேலிக் கம்பத்தில் கவிழ்த்து வைத்தேன்,
முதுகு அவள் பக்கம் தெரிய.